தண்ணீரைத் திறந்த கை

சகலையோடு நான் பேசி இரண்டு வருஷம். மாமனார் காரில் முன்சீட்டில் யார் உட்காருவது என்று வந்த சண்டை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மூத்த மருமகன் நான், சீட் எனக்குத்தான். வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், ஆனால் பசைத் தொழிற்சாலையில் இருவருக்கும் ஒரே ஷிப்ட். நான் பொறுப்பாளர், அவர் பம்ப் பார்ப்பவர். அன்றைக்கு எங்கள் இருவரையும் மட்டும் தொட்டியறை பிடித்து வைத்துக்கொண்டது.

தொட்டியின் மேல்மட்டத்தில் பசை தானாகவே சூடேறி இறுக ஆரம்பித்தது. அலாரம் அடித்தவுடன் இரும்புக் கதவு இறங்கியது, இறங்கின வேகத்தில் அதைத் தூக்கும் சங்கிலி அறுந்தது. வெளியே இருந்து ஃபிட்டர் கத்தினார்.

"ஜாக்கி வச்சுத்தான் தூக்கணும் சார்! முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும்!"

தொட்டியில் மேலிருந்து கீழாக ஆறு சூட்டு மீட்டர்கள். முதலாவது சிவப்பைத் தொட்டுவிட்டது. ஆறாவதையும் தொட்டால் கீழ்மூடி பிடுங்கிக்கொண்டு, கொதிக்கும் பசை எங்கள் மேல்தான் வரும். அசையாத பசையில் ஒரு மீட்டரிலிருந்து அடுத்ததற்குச் சூடு இறங்க ஒன்பது நிமிஷம். ஐந்துக்கும் சேர்த்து நாற்பத்தைந்து. தப்பித்துவிடலாம்.

"சகலை, ஸ்டிரரைப் போட்டுக் கலக்கினா ஆறிடாதா?" என்றார் அவர், காலை ஆட்டிக்கொண்டே.

"சுவிட்ச் பக்கம் போனீங்கன்னா கைய உடைப்பேன். சும்மா விட்டா சூடு தட்டையா ஒரே அடுக்கா மெதுவா இறங்கும். கலக்கினா அந்த அடுக்கு கலைஞ்சுபோய் நாலு பக்கமும் பத்தும். வேகம் ரெண்டு மடங்கு, மூணு மடங்காயிடும்."

இரண்டு வருஷத்தில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

ஒன்பதாவது நிமிஷம் இரண்டாவது மீட்டர் சிவந்தது. கணக்கு சரிதான், ஆனாலும் சும்மா நிற்க முடியாமல், தொட்டிச் சுவரைச் சுற்றி ஓடும் குளிர்தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன்.

மூன்றாவது மீட்டர் நாலே நிமிஷத்தில் சிவந்தது.

நான் அவர் சட்டையைப் பிடித்தேன். "சுவிட்சத் தட்டினியாடா?"

சுவிட்ச் அணைந்தே இருந்தது. அவர் என் கையை விலக்கிவிட்டு, தொட்டியில் பதித்த கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தார்.

"சகலை, இங்க வாங்க. சுவரோரமா பசை கீழ இறங்குது, நடுவுல மேல ஏறுது. யாரோ உள்ள துழாவுற மாதிரி இருக்கு."

பார்த்ததும் புரிந்தது. சுவரைக் குளிர வைத்தது நான். குளிர்ந்த பசை கனத்து இறங்குகிறது, நடுவில் இருப்பது எழும்புகிறது. ஸ்டிரரைத் தொடாமலேயே தொட்டியைக் கலக்கிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. தண்ணீரை மூடினேன்.

அப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அறைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு இரண்டு பேரும் மீட்டரையே பார்த்தோம். நாலாவதுக்கு ஏழு நிமிஷம் ஆனது. ஐந்தாவதுக்கு மறுபடி ஒன்பது. சகலை காலை ஆட்டுவதை நிறுத்தியிருந்தார். ஆட்டினாலாவது நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

ஆறாவது மீட்டரின் முள் நகர ஆரம்பித்தபோது கதவு ஒரு முழம் மேலே எழும்பியது. உருண்டு வெளியே வந்து, முற்றத்தைத் தாண்டி ஓடினோம். பின்னால் கீழ்மூடி பிடுங்கிக்கொண்ட சத்தம் கேட்டது.

மீட்டர்களும் தண்ணீர்க் குழாயும் பதிவான காகிதத்தோடு மேனேஜர் வந்தார்.

"நடுவுல ஏன் வேகம் கூடிச்சு? குளிர்தண்ணிய யார் தொறந்தது?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். சொல்லத்தான் வாயெடுத்தேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

"நான்தான் சார்," என்றார் சகலை. "பயத்துல திறந்துட்டேன். அண்ணன்தான் பார்த்துட்டு மூடச் சொன்னாரு."

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் என்றார். மேனேஜர் அவரை வேலையை விட்டு நிறுத்துவதாக அங்கேயே ஒரு தாளில் எழுதி, பொறுப்பாளர் கையெழுத்துக்காக அதை என்னிடம் நீட்டினார்.

போட்டேன். கை கொஞ்சம்கூட ஆடவில்லை.