பிறந்த ஊர்க் காற்று

…மெதுவாக, இன்னும் மெதுவாக, கணவாய் எங்கேயும் ஓடிப் போய்விடாது, அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும், நாம்தான் போய்ச் சேர வேண்டும் என்று பல்டென் திரும்பிப் பார்க்காமலே சொன்னான், சொன்னானா நினைத்தானா, சொல்லித்தான் இருப்பான், பதினோரு வருஷம் விருந்தாளிகளிடம் சொன்ன வாக்கியம், வாய் தானாகவே சொல்லிவிடும். பின்னால் நான்கு ஜோடிக் காலணிகள் பனியை நறநறவென்று மிதித்துக்கொண்டு வருகின்றன. நான்கு பேரும் ஹாலந்துக்காரர்கள், இரண்டு அக்கா தங்கைகளும் அவர்கள் கட்டிக்கொண்ட இரண்டு பேரும், கடல் மட்டத்துக்கும் கீழே வீடு கட்டிக்கொண்டு வாழ்கிறவர்கள், எங்கள் ஊரில் மேடு என்றால் பாலம்தான் என்று அந்த நெட்டை யூப் நேற்று சொல்லிச் சிரித்தார். அப்பேர்ப்பட்டவர்களையே தோரோங் கணவாய்க்கு ஏற்றுகிறான் என்றால் பல்டென் கலே என்ற பெயருக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மூன்று வருஷம் தோஹாவில் மீன் கிடங்கில் பெட்டி அடுக்கியவனுக்குக் கால் மலையை மறந்துபோயிருக்கும் என்றான் மச்சான். கால் மறக்குமா? மச்சானுக்கு வாய் நீளம், அவ்வளவுதான். மணி ஆறரை இருக்கும், எதிர் மலை உச்சியில் மட்டும் வெயில், மேல் முகாம் லாட்ஜை விட்டுக் கிளம்பி ஒரு மணி நேரம், இல்லை, ஒன்றேகால். ஒன்பதரைக்குக் கணவாய், கொடித் தோரணங்களுக்கு நடுவே நின்று படம், அப்புறம் முழங்காலைப் பதம் பார்க்கிற இறக்கம், சாயங்காலம் முக்திநாத்தில் வெந்நீர்க் குளியல், அதற்கு முன்னால் யாங்சோமுக்கு ஒரு போன். தாண்டிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும், பெண்டாட்டிக்குப் புரியும். மறுபடி தோஹா வருகிறாயா இல்லையா என்று காட்மாண்டு ஏஜென்ட் மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறான். இந்த நாலு பேரை அந்தப் பக்கம் இறக்கிவிட்டால் சீசன் முழுக்க ஆள் தருகிறேன் என்று கம்பெனி முதலாளி சொல்லிவிட்டார், ஏஜென்டிடம் வரமாட்டேன் என்று சொல்லிவிடலாம், நிம்மதியாக, சத்தமாக.

தலை கொஞ்சம் கனக்கிறது, அது ஜீப்பால். காட்மாண்டுவில் ஏறி, வழியில் பெசிசஹரில் ஒரு ராத்திரி படுத்து, மறுநாள் முழுக்கக் குலுங்கிக் குலுங்கி மனாங் வந்து இறங்கினால் யாருக்குத்தான் தலை கனக்காது? இவர்களைக் கூட்டி வந்த முதல் வழிகாட்டி மனாங்கில் முழங்காலைத் திருகிக்கொண்டான், பாவம், முதலாளி அவசரமாகப் போன் போட்டார், இவன் அந்த அழைப்புக்காகவே காத்திருந்தவன் போல ஜீப்பில் தொற்றிக்கொண்டான். இவன் இறங்கும்போது ஹாலந்துக்காரர்கள் எட்டு நாள் நடந்து முடித்து, மனாங்கில் இரண்டு நாள் ஓய்வெடுத்து, ஆப்பிள் பை தின்றுகொண்டு, உயரத்துக்கு ரத்தத்தைப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். ஜீப்பின் தூசியைத் தட்டிய கையோடு அவர்களை உட்காரவைத்து விரலை உயர்த்தி விதிகளைச் சொன்னான், ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் ஏறித் தூங்கக் கூடாது, தலைவலி வந்தால் மறைக்கக் கூடாது, மறைத்தால் மலை காட்டிக்கொடுத்துவிடும், எல்லாம் கேட்டுத் தலையாட்டினார்கள், அந்த டீச்சரம்மா மார்லீன் நோட்டில்கூட எழுதிக்கொண்டார். மறுநாள் யாக் கர்க்கா, அதற்கு மறுநாள் மேல் முகாம், இன்று கணவாய். அவர்கள் பன்னிரண்டு நாளில் ஏறியதை இவன் நாலு நாளில் ஏறியிருக்கிறான், ஏறினால் என்ன? விதி விருந்தாளிகளுக்கு. பிராகாவில் பிறந்தவன், மூவாயிரத்து ஐந்நூறு மீட்டரில் முதல் மூச்சு விட்டவன், சொந்த வீட்டுக்குள் நுழைய டிக்கெட் எடுப்பானா?

நேற்றுச் சாயங்காலம் லாட்ஜில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து நாலு பேர் விரலிலும் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப்பை மாட்டினான், எண்பத்து நாலு, எண்பத்தாறு, எண்பத்தொன்று, எண்பத்தைந்து, நல்ல எண்கள், சொக்கத் தங்கம். கிளிப்பைப் பையில் போட்டபோது சுக்மாயா கேட்டாள், அண்ணே, உங்களுக்குப் பாக்கலையா என்று. சுக்மாயா லம்ஜுங்காரி, மூட்டை சுமக்க வந்தவள், இரண்டு பேருடைய பைகள் இவள் முதுகுக் கூடையில், மற்ற இரண்டும் விடியும் முன்பே குதிரையில் போய்விட்டன. எங்கம்மா என்னைப் பெத்ததே இந்தக் காத்துலதான், நீ உன் விரலைக் காட்டு, நெல்லு வெளையற ஊர்க்காரி நீதான் மூச்சு வாங்கிச் சாவே என்றான் இவன், லாட்ஜ்காரர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இவன் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தாள். பார்க்கட்டும். இந்த வருஷம் ஏழு தடவை கணவாயைத் தாண்டியிருக்கிறாளாம், ஏழு தடவை தாண்டிவிட்டால் மலை அவளுக்கு மாமியார் வீடாகிவிடுமா?

எண்ணிப் பார்க்க வேண்டும், வழிகாட்டியின் வேலையில் பாதி எண்ணுவதுதான். திரும்பி நின்றான். ஒன்று, இரண்டு, யூப், மார்லீன், அப்புறம் தங்கையும் அவள் கணவரும், கடைசியில் கூடை. ஆறு. யார் அந்த ஆறாவது ஆள்? தானேதான், தன்னையும் சேர்த்தால் ஆறு, சரி. நாலு எட்டு வைத்துவிட்டு மறுபடி எண்ணினான், ஐந்து. ஒருத்தர் எங்கே? எல்லாரும் வர்றாங்களா என்று குரல் கொடுத்தான். எல்லாரும் இருக்காங்கண்ணே, இதோட மூணு தடவை கேட்டுட்டீங்க என்றாள் சுக்மாயா. மூன்று தடவை கேட்டால் என்ன, முப்பது தடவை கேட்பான், கேட்காதவன்தான் ஆளைத் தொலைப்பான், இதெல்லாம் மூட்டை சுமக்கிறவளுக்கு எங்கே தெரியப்போகிறது? மார்லீன் ஒரு பாறை இடுக்கில் தடுமாறினார், கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, பார்த்து, மூன்றாவது வரிசையில் இறால் பெட்டி இருக்கிறது என்றான். என்ன வரிசை என்று கேட்டார் அவர். ஒன்றுமில்லை, பாறை, பாறை என்று சொல்லிச் சிரித்தான், அவரும் சிரித்தார். தோஹா நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு சீசன் போனால் உதிர்ந்துவிடும். மீன் கிடங்கின் மைனஸ் பதினெட்டு டிகிரியில் மூன்று வருஷம் நின்றவனுக்கு இந்தக் குளிர் ஒரு குளிரா? இடது கையுறை எங்கே? போட்டிருந்தானே… விழுந்திருக்கும், போகட்டும், கைதான் ஒன்றும் வலிக்கவில்லையே, எந்தக் கையும் எதுவும் உணரவில்லை, நல்லதுதான்.

பாதி வழியில் இருக்கிற கல் குடிசைக் கடைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கடைக்காரி கேட்காமலே பூண்டு சூப் ஊற்றினாள், பூண்டு ரத்தத்தை இளக்கும், இவனே எல்லாருக்கும் சொல்வதுதான். இரண்டு வாய் குடித்தான், எழுந்து குடிசைக்குப் பின்னால் போனான், குடித்ததும் முந்தின ராத்திரி தின்றதும் பனியில் கொட்டின. பழைய எண்ணெயில் தாளித்திருக்கிறாள், வேறென்ன? வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் சுக்மாயா நிற்கிறாள். ஒரு மனுஷன் தனியாக வாந்தி எடுக்கக்கூட இந்த மலையில் இடம் கிடையாது.

"அண்ணே, நீங்க இங்கேருந்து திரும்பிடுங்க. கடைக்கார அக்கா மேல் முகாம் வரைக்கும் கூட வருவாங்க, கேட்டுட்டேன். இவங்கள நான் தாண்டவச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

கேட்டுவிட்டாளாம். இவனைக் கேட்காமல் கடைக்காரியைக் கேட்டுவிட்டாளாம்! உடம்பெல்லாம் எரிந்தது இவனுக்கு, இந்தக் குளிரிலும். பத்து வருஷம் முன்னால் இவள் லம்ஜுங்கில் நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது இவன் பனிப்புயலில் பதினாலு பேரை இதே வழியில் இறக்கியவன், அதில் ஒருத்தருக்குக்கூட விரல் கறுக்கவில்லை.

"நீ மூட்டையப் பாரு, தங்கச்சி. வழிய நான் பாத்துக்கறேன்."

அவள் முகம் சுருங்கியது. கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டான், முக்திநாத் போனதும் ஒரு டம்ளர் சூடான ஆப்பிள் பிராந்தி வாங்கிக் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம், நல்ல பெண்தான், உழைப்பாளி. கூடையின் கயிறு தளர்ந்திருந்ததால் அவள் குடிசைக்குள் போய் அதை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தாள், இவன் காத்திருக்கவில்லை, அவள் எப்படியும் எட்டிப் பிடித்துவிடுவாள், கிளம்பலாம் என்று நாலு பேரையும் எழுப்பி முதல் அடியை வைத்தான், வழிகாட்டிதான் முதல் அடி வைக்க வேண்டும், அவர்கள் தடிகளை ஊன்றிக்கொண்டு வரிசையாகப் பின்னால் வந்தார்கள்.

அப்போதுதான் வெயில் வந்தது, பனி முழுக்க ஒரே வெளிச்சம், கண் கூசியது, ஆனால் கால்… கால் என்ன அழகாகப் போகிறது! வாந்தி எடுத்தது நல்லதாகப் போயிற்று, தலைப் பாரம்கூட இறங்கினாற்போல இருக்கிறது, மூச்சு தாராளமாக வருகிறது, ஒரு அடிக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்த இடத்தில் ஐந்து அடிக்கு ஒரு மூச்சு போதும், உடம்பு ஞாபகப்படுத்திக்கொண்டுவிட்டது, பிறந்த ஊர்க் காற்று இல்லையா, கொஞ்சம் பிணங்கிவிட்டு இப்போது சேர்ந்துகொண்டது. மச்சான் இங்கே வந்து பார்க்க வேண்டும். யாங்சோம் பார்க்க வேண்டும். பின்னால் மார்லீன் ஏதோ பாட்டை முணுமுணுக்கிறார், கணவாய்க்கு அரை மணி நேரம் இருக்கும்போது பாடுகிற விருந்தாளியை இவன் இந்தப் பதினோரு வருஷத்தில் பார்த்ததே இல்லை, யாருக்கும் மூச்சு வாங்கவில்லை, அதுதான் வழிகாட்டியின் நடை, அவன் சரியான வேகம் பிடித்தால் பின்னால் வருகிறவர்களுக்கு ஏறுவதே தெரியாது. ஏஜென்டுக்கு இன்றைக்கே சொல்லிவிடலாம். வரமாட்டேன். வேறு ஆளைப் பாருங்கள். உங்கள் இறால் பெட்டிகளை நீங்களே அடுக்கிக்கொள்ளுங்கள்… கடகடவென்று யாரோ ஓடி வருகிற சத்தம், கூடை கிரீச்சிடுகிறது, சுக்மாயாதான், இந்த உயரத்தில் இவ்வளவு பாரத்தோடு ஓடலாமா பைத்தியக்காரி, மார்லீனைத் தாண்டினாள், யூப்பைத் தாண்டினாள், இவனையும் தாண்டி முன்னால் போய், வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, எங்க போறோம்?"

"கணவாய்க்கு. வேறெங்க?"

அவள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவன் அவளுடைய உச்சந்தலையைப் பார்த்தான், கூடையைத் தாங்குகிற நெற்றிப்பட்டை அழுத்திய இடத்தில் வகிடு கலைந்திருந்தது, உச்சந்தலை எப்படித் தெரிகிறது? தன்னைவிட இரண்டு விரல் உயரமானவள் ஆயிற்றே. முன்னால் நிற்கிறவள் மேலே அல்லவா நிற்க வேண்டும், ஏன் கீழே நிற்கிறாள்? அவளுக்குப் பின்னால் பனியில் காலடித் தடங்கள், புதிதாக, நிறைய, எல்லாத் தடங்களின் விரல் பக்கமும் இவனைப் பார்த்து இருந்தன. காலையில் ஏறி வந்த தடங்கள். இவர்களுடைய தடங்களேதான். அதனால்தான் மூச்சு, அதனால்தான் பாட்டு… இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், குடிசையிலிருந்து அரை கிலோமீட்டராவது இறங்கியிருப்பார்கள், இவன் வழிகாட்ட.

பல்டென், திரும்பிப் போகிறோமா, மேலே ஏதாவது பிரச்சினையா என்று யூப் பின்னாலிருந்து கேட்டார், மரியாதையாக, கவலையோடு, குற்றம் சாட்டாமல். கணவாயில் காற்று மோசம், அதனால் இறக்குகிறேன் என்ற வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, எவ்வளவு நல்ல வாக்கியம், ஒரு ஓட்டை இல்லை, நம்பிவிடுவார்கள், நன்றிகூடச் சொல்வார்கள். திரும்பிப் பார்த்தான். கணவாயின் பக்கம் வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது, கொடி அசைகிற காற்றுகூட இருக்காது. அதற்குக் கீழே நாலு முகங்கள், இன்ஜினியர், டீச்சர், இன்னும் என்னென்னவோ, வழி தவறி இறங்குகிறோம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் கேட்கவில்லை, முதல் அடி வைத்தவன் அவன் என்பதால் வந்துவிட்டார்கள். இடது பக்கம் இருக்கிற பள்ளத்தின் பக்கமாக அந்த முதல் அடியை வைத்திருந்தால்? அப்போதும் வரிசையாக வந்திருப்பார்கள். அவனுக்குப் பயமாக இருந்தது. இந்த மலையில் முதல்முறையாக, உள்ளங்கால்வரை பயமாக இருந்தது.

"சுக்மாயா," என்றான். நாக்கு தடித்திருந்தது. "எனக்குத் தலை வலிக்குது. நேத்துலேருந்தே. யாக் கர்க்காவுலேருந்தே."

அவள் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. அவன் கையுறை இல்லாத கையை எடுத்துத் தன் அக்குளுக்குள் அழுத்திவைத்துக்கொண்டு, அவனைத் தாண்டி மேலே நிற்கிற நாலு பேரையும் பார்த்தாள், ஏறிக்கொண்டிருக்கிற வெயிலைப் பார்த்தாள், பத்து மணிக்கு மேல் கணவாயில் காற்று கிளம்பிவிடும், அப்புறம் கீழே மேல் முகாமின் தகரக் கூரைகளைப் பார்த்தாள். கடைக்காரி அரை கிலோமீட்டர் மேலே இருக்கிறாள், இனி இவனால் அதுவரை ஏற முடியாது, தனியாக இறங்கவும் முடியாது, எது இறக்கம் என்று தெரியாதவன் எப்படித் தனியாக இறங்குவான்? நேற்று அடுப்பங்கரையில் சொல்லியிருந்தால் லாட்ஜில் எத்தனை ஆட்கள் இருந்தார்கள். குடிசையில் அவள் சொன்னபோதாவது சரி என்றிருந்தால் அவள் இந்நேரம் நாலு பேரையும் பாதி தூரம் ஏற்றியிருப்பாள். இப்போது அவள் ஒருத்திதான் இருக்கிறாள், போக வேண்டிய திசைகளோ இரண்டு. அவள் மறுபடியும் மேலே பார்த்தாள்.