சர்க்கரை இல்லாத அலுவலகம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தின் மேலாளருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த வாரமே அலுவலகம் முழுவதற்கும் பத்தியம் வந்துவிட்டது. தனக்கு வந்ததைத் தான் மட்டும் அனுபவிப்பது ஒரு தலைவனுக்கு அழகல்ல என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தேநீர் மேடையிலிருந்த சர்க்கரை டப்பா போயிற்று. அந்த இடத்தில், இனிக்கும் ஆனால் சர்க்கரை அல்லாத ஏதோ ஒரு பொடி வந்து உட்கார்ந்தது. பிறந்தநாளுக்கு கேக் கூடாது, மெழுகுவர்த்தியை மட்டும் ஏற்றி ஊதிக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வந்தது. யார் எதைத் தின்கிறார்கள் என்று பார்க்கக் கணக்காளர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழுவும் அமைந்தது. ஊழியர்கள் தங்களுக்குள் மேலாளருக்குக் ‘கசாயம்’ என்று பேர் வைத்துக்கொண்டார்கள். அவர்களால் முடிந்தது அவ்வளவுதான்.

கசாயம் தன் நோயை ஒரு கிளை அலுவலகம் போல நடத்தினார். காலையில் விரலைக் குத்திப் பார்த்து, வந்த எண்ணைத் தேநீர் வேளையில் எல்லோருக்கும் அறிவிப்பார். எண் குறைந்திருந்தால் அது அவருடைய கட்டுப்பாடு; கூடியிருந்தால் கருவியில் கோளாறு. வேளாவேளைக்கு அளவாகச் சாப்பிடுங்கள், கொஞ்சம் நடங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். மார்தட்டிக்கொள்ள அதில் எதுவும் இல்லாததால் கசாயத்துக்கு அது ருசிக்கவில்லை.

டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலை, மாத்திரையைப் போட்டுக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்தார்.

“மாத்திரை போட்டாச்சுல்ல, ரெண்டு துண்டு ரொட்டியாவது சாப்பிட்டுட்டுப் போங்க” என்றாள் மனைவி.

“நாளைக்கு ரிசல்ட் காட்டணும். இன்னைக்குப் போய்க் கெடுக்காதே.”

“நேத்து ராத்திரியும் இதையேதான் சொன்னீங்க.”

அவர் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார்.

நண்பகல் நெருங்கும்போது, மாற்றவேண்டிய லிஃப்ட் கம்பிவடங்களைப் பற்றிய கூட்டத்தில் கசாயம் எரிந்து விழுந்தார். யாரும் அதை நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னதையே திரும்பச் சொன்னார். அதுவும் கூட்டங்களில் வழக்கம்தான். கை நடுங்கிப் பேனா கீழே விழுந்தபோதும், சட்டை முதுகோடு ஒட்டும்படி வியர்த்தபோதும்தான் மெக்கானிக்குகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களின் அழைப்புகளை எடுக்கும் பெண்ணை எல்லோரும் ‘ஃபோன் அக்கா’ என்பார்கள். அவள் கணவனுக்கும் இதே நோய். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பார்வை பார்த்தவள் எழுந்து வந்துவிட்டாள்.

“சார், காலைல சாப்பிட்டீங்களா?”

“கட்டுப்பாடு” என்றார் கசாயம். நாக்கு குழறியது.

“சுகர் இறங்கிடுச்சு. யாராவது சர்க்கரை கொண்டாங்க, சீக்கிரம்.”

கணக்காளர் ஓடிப்போய் இரண்டு கை நிறைய அந்தப் பொடிப் பொட்டலங்களோடு வந்தார்.

“இது சர்க்கரை இல்ல சார், சர்க்கரை மாதிரி. இதைக் கொடுத்தா நாக்குதான் இனிக்கும், உடம்பு எழுந்துக்காது. நிஜச் சர்க்கரை வேணும். யாருகிட்ட இருக்கு?” என்று கேட்டாள் ஃபோன் அக்கா.

எல்லோரும் கணக்காளரைப் பார்த்தார்கள். கண்காணிப்புக் குழு முழுமையாக அந்த அறையில் இருந்தது. நாற்காலியில் சரிந்துகொண்டிருந்த கசாயத்தின் கண்ணும் இன்னும் பாதி திறந்திருந்தது. அந்தப் பாதிக் கண்ணுக்குக்கூட பயந்தார்கள்.

“இங்க பாருங்க” என்றாள் ஃபோன் அக்கா. “அவரு எழுந்து மெமோ கொடுப்பாருன்னு பயந்தீங்கன்னா, அவரு எழுந்துக்கவே மாட்டாரு. அப்புறம் வேற மேனேஜர் வருவான். அவனுக்கு என்ன வியாதி இருக்குமோ.”

அதன் பிறகுதான் இழுப்பறைகள் திறந்தன. ஸ்பானர் பெட்டியிலிருந்து மிட்டாய்கள் வந்தன. பிரிண்டர் மை அட்டைப்பெட்டியில் முக்கால் கேக் இருந்தது. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் இருக்கவேண்டிய இடத்தில் கிரீம் பிஸ்கட் அடுக்கியிருந்தது. கடைசியாகக் கணக்காளர், யார் முகத்தையும் பார்க்காமல், வரிக் கோப்புகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பழரசப் புட்டியை எடுத்து நீட்டினார்.

“குழுவோட பறிமுதல் பொருள்” என்றார். புட்டி பாதி காலியாக இருந்தது.

ஃபோன் அக்கா கசாயத்தை நிமிர்த்தி உட்காரவைத்து மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தாள். “பதறாதீங்க, இன்னும் கொஞ்ச நேரத்துல சரியாயிடும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரம் கழித்து அவருடைய கருவியாலேயே அவர் விரலைக் குத்திப் பார்த்தாள். எண் ஏறியிருந்தது. பிறகு இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தாள். கசாயம் மேஜைமேல் குவிந்திருந்ததைப் பார்த்தார்.

“இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?”

“கடையிலேருந்துதான் சார்” என்றாள் ஃபோன் அக்கா.

அன்று மாலையே மனைவி அவரை டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டாள். டாக்டர் நடந்ததைக் கேட்டுக்கொண்டார்.

“ஏன் சாப்பிடலை?”

“உங்ககிட்ட நல்ல நம்பர் காட்டணுமே டாக்டர்.”

“நான் என்ன உங்களுக்குப் பிரமோஷனா கொடுக்கப்போறேன்? மூணு மாச சராசரியையே ரத்தப் பரிசோதனை சொல்லிடும். ரெண்டு நாள் பட்டினி கிடந்து அதை ஏமாத்த முடியாது. இந்த மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா ஆபத்து. நேரத்துக்குச் சாப்பிடுங்க. பையில எப்பவும் ஏதாவது இனிப்பு வச்சுக்கங்க, இறங்கும்போது மட்டும் எடுக்கணும்.”

“வீட்டுல யாரையும் வயிறாரச் சாப்பிட விடறதில்ல டாக்டர்” என்றாள் மனைவி. “எனக்குச் சுகரே கிடையாது.”

கசாயம் சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டையை உற்றுப் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கூட்டம் கூடியபோது எல்லோரும் தண்டனையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் கம்பிவடங்களைப் பற்றி வெகுநேரம் பேசினார். எழுந்திருக்கும்போது, ஜன்னலைப் பார்த்தபடி, “டீயில எனக்கு வேண்டாம். வேணுங்கறவங்க போட்டுக்கலாம்” என்றார்.

“சுற்றறிக்கையா அடிச்சிடலாமா சார்?” என்று கேட்டார் கணக்காளர்.

“ஒண்ணும் அடிக்க வேண்டாம்.”

அந்த வாரம் முழுக்க கசாயம் சாப்பாட்டு நேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உண்டார். பசியெடுத்துச் சாப்பிடுவது பதவிக்குக் குறைவு என்பதுபோல அவருக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த வாரம் டப்பாவோடு வெளியே வந்து மற்றவர்களோடு உட்கார்ந்தார். அவித்த முட்டையும் காய்களும் கொஞ்சம் சோறும் வைத்திருந்தார். நிதானமாக மென்று முடித்துவிட்டுப் பக்கத்து டப்பாவை எட்டிப் பார்த்தார்.

“காய் ரொம்பக் கம்மியா இருக்கே” என்றார்.

கணக்காளர் மூடியால் தன் டப்பாவை மறைத்துக்கொண்டார். “நான் நேரத்துக்குச் சாப்பிடறேன் சார்” என்றார்.