மங்கல் பக்கம்

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் வீட்டில்தான் ஒரே சமையலறை என்றால், ஆய்வுக்கூடத்திலும் ஒரே மேஜை. வேலை என்னவென்றால், லித்தியம் பேட்டரிக்குள் தீப்பிடிக்கிற திரவம் இருக்கிறதே, அதற்குப் பதிலாக வைக்க ஒரு படலம் செய்வது. பாலிமர் கரைசலில் பீங்கான் பொடியைக் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றி, காய்ந்ததும் உரிக்க வேண்டும். கண்ணாடியைத் தொட்ட பக்கம் பளபளக்கும், பொடி அங்கேதான் படியும். மேல்பக்கம் மங்கல். பளபளப்புதான் லித்தியத்தைத் தொட வேண்டும் என்பது அண்ணி போட்ட சட்டம்.

செய்த பேட்டரியெல்லாம் படுத்துவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் மாதக்கணக்கில் சார்ஜ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைப்போல் இன்னொன்று செய்யத்தான் வரவில்லை.

துறைத்தலைவர் வாசலில் நின்றபடியே சொன்னார். "அது ஏன் ஓடுதுன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்கம்மா. இல்லன்னா மேஜைய அடுத்த குழுவுக்குக் குடுத்துடுவேன்."

அவர் போனதும் அண்ணி கண்ணைக் கசக்கினாள். "பிரிச்சுப் பாத்துட வேண்டியதுதான்."

"ஐயோ அண்ணி, உருப்படியா இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் கொல்லணுமா?"

"வேற வழி இருந்தா சொல்லு."

"தூங்கி எந்திரிச்சுச் சொல்றேன்."

"உனக்காவது தூக்கம் வருது. உங்கண்ணன் குறட்டையில எனக்கு எங்க?"

"கட்டிக்கிட்டது நீங்க. நாங்க தள்ளி விட்டதோட சரி." நாத்தனார் கொட்டாவி விட்டாள். "இந்தப் பேட்டரிய மூடின அன்னிக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல். நீங்க சட்டையத் திருப்பிப் போட்டுட்டு வந்தீங்க."

"சிரிச்சே என் மானத்த வாங்கினியே."

காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறையில் கையை நுழைத்து, அண்ணி பேட்டரியின் ஓரத்தை வெட்டினாள். மூடி கழன்றது. லித்தியம் கறுக்கவே இல்லை. படலம் அதோடு ஒட்டிக்கிடந்தது. பளபளவென்று இவர்களைப் பார்த்துக்கொண்டு.

நாத்தனார் பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, அன்னிக்குச் சட்டைய மட்டும் திருப்பல."

சாயங்காலம் துறைத்தலைவர் வந்தார். "என்னம்மா, காரணம் கெடச்சுதா?"

"படலம் தலைகீழா இருந்துருக்கு சார். மங்கல் பக்கம் பொடி இல்லாம மெத்துன்னு இருக்கும், லித்தியத்தோட நல்லா ஒட்டிக்கிச்சு. அதுதான்னு நெனைக்கிறேன். இன்னும் நாலஞ்சு செஞ்சு பாக்கணும்" என்றாள் அண்ணி.

"நல்லா இருக்கே! யாரு யோசனை?"

"யோசனையெல்லாம் இல்ல சார். அசதி."

அவர் சிரித்துவிட்டார். "சரி, செஞ்சு பாருங்க. மேஜை இருக்கட்டும்."

கண்ணாடித் தட்டைத் துடைக்க அண்ணி எழுந்தாள். பெரிய கொட்டாவி வந்தது. திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.