கைலாசம் கிளப்பின் குட்டைச் சுவர்

குமாரபாளையத்தில் தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக இருந்துவிட்டு, ஒரு வாரம் கழித்துச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குத் திரும்பினாள் தேவிப்ரியா. ஹோட்டல் வாசலில் சாம்பார் வாசனைக்குப் பதிலாகப் புதுச் சிமென்ட் வாசனை அடித்தது.

இளவழகன் படியிலேயே காத்திருந்தான். பையை வாங்கிக்கொண்டு, “கண்ணை மூடிக்க” என்றான்.

“ஐயோ, ஊரே பாக்குதுங்க.”

“பாக்கட்டும். என் பொண்டாட்டிதான?”

கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகியும் அவனுக்கு இந்த விளையாட்டுப் புத்தி போகவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப் போய் ஹாலின் நடுவில் நிறுத்தினான்.

“இப்பத் திற.”

திறந்தாள். தரையும் சுவரும் சந்தன நிற டைல்ஸில் பளபளத்தன. தங்கை வீட்டில் பார்த்து அவள் ஆசைப்பட்ட அதே டைல்ஸ். ஆனால் அவள் கண் அதில் நிற்கவில்லை. ஹாலின் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு நீண்டு கிடந்த பழைய சுவர் அங்கே இல்லை.

“குட்டைச் சுவரு எங்கீங்க?”

“எடுத்தாச்சு!” என்றான் பெருமையாக. “மேஸ்திரி வீரன் ரெண்டு ஆளைக் கூட்டிட்டு வந்தான். லேசுல அசையலை, பாத்துக்க. கடைசியில நானே கடப்பாரையைப் பிடிச்சேன்.” கொப்புளம் உடைந்த உள்ளங்கையை நீட்டிக் காட்டினான்.

தேவிப்ரியா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கைலாசம் கிளப் என்ற அந்த ஹோட்டலை ஆரம்பித்தவர் இளவழகனின் தாத்தா கைலாசம். அந்தக் காலத்துக் காப்பிக் கடைகள் பலவற்றைப் போலவே இங்கும் ஹாலை இரண்டாகப் பிரித்து ஒரு சுவர் இருந்தது. தெருப்பக்கம் சில சாதிக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மற்றவர்கள் சந்து வழியாக வந்து, சுவரில் இருந்த ஓட்டை வழியே டம்ளரை வாங்கிக்கொள்ள வேண்டும். கைலாசத்தின் அம்மா காலராவில் கிடந்தபோது, ஒருவரும் தொட வராத நேரத்தில், மூட்டை தூக்கும் மணியன்தான் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மா பிழைத்து வந்தார். மறுநாள் ஓட்டைக்கு அந்தப் பக்கம் மணியனின் கை காப்பிக்காக நீண்டபோது கைலாசத்தால் அப்படிக் கொடுக்க முடியவில்லை. கடப்பாரையை எடுத்தார். கடைவீதி முழுக்க எதிர்த்தது. ஒரு கொத்தனாரும் வரவில்லை. அவரும் மணியனுமே இடித்தார்கள்.

முழங்கால் உயரம் மிச்சமிருந்தபோது கைலாசம் நிறுத்திவிட்டாராம். “இது கெடக்கட்டும். தாண்டி வந்து கூட உக்காந்து சாப்பிடறவன் சாப்பிடட்டும், முடியாதவன் வேற கடைக்குப் போகட்டும்.” பாதிப் பேர் வேறு கடைக்குப் போனார்கள். மீதிப் பேர் தாண்டினார்கள். அன்றிலிருந்து கைலாசம் கிளப்பில் சாப்பிட வருகிறவர்கள் வேட்டியை, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அந்தச் சுவரைத் தாண்டித்தான் கை கழுவப் போவார்கள். காரணம் தெரியாத தலைமுறை வந்த பிறகும் தாண்டல் நிற்கவில்லை. யாராவது கேட்டால் குடும்பத்தில் ஒருவரும் உள்ளதைச் சொல்வதில்லை. “மேசை நகராம இருக்கறதுக்குங்க” என்று மழுப்பிவிடுவார்கள். சுவரை இடித்த பெருமையைவிட, அது இருந்தது என்கிற வெட்கம்தான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

இப்போது கட்டடத்தில் பாதி இளவழகனின் அண்ணன் மதியழகனுடையது. கோயமுத்தூரில் இருக்கிறார். இதை விற்றுவிட வேண்டும் என்கிறார். வாங்குகிற ஜவுளிக்காரர்கள் தரைமட்டமாக்கிப் புதுக் கடை கட்டுவார்கள். தேவிப்ரியாதான் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் குழுவுக்கு எழுதிப் போட்டு, போனில் பேசி, நாளைக்கு அவர்களை வர வைத்திருந்தாள். அவர்களுடைய பட்டியலில் சேர்ந்துவிட்டால் இடிக்க முடியாது. “சேத்தாங்கன்னா நான் கையை எடுத்துக்கறேன். சேக்கலைன்னா தம்பி கையெழுத்துப் போட்டுடணும்” என்று மதியழகன் சொல்ல, இளவழகனும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

“அதுக்காகத்தானுங்க வாராங்க” என்றாள்.

“எதுக்காக?”

“அந்தச் சுவருக்காக.”

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. “ஹாலைப் பாக்க வாராங்கன்னுதான நீ சொன்ன? பெரிய பெரிய ஆளுங்க, இது என்னன்னு கேட்டா என்ன சொல்றது? எங்க கடையில சாதி பாத்துக் காப்பி ஊத்துனோம்னா? நம்ம மானம் என்னாவறது தேவி?”

அடுப்படியிலிருந்து மாமியார் ராசம்மாள் எட்டிப் பார்த்தாள். “நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சாமி. அவ வரட்டும்டான்னேன். கேட்டானா? பொண்டாட்டிக்கு அதிசயம் காட்டறானாமா!”

தேவிப்ரியாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அந்தக் கொப்புளங்களைப் பார்த்தாள்.

மறுநாள் காலை குழுவிலிருந்து அறிவுச்செல்வி என்ற அதிகாரி வந்தார். வாசலைத் தாண்டியதும் தானாகவே காலை உயர்த்தத் தயாரானவர் போலத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கைகழுவும் தொட்டி வரை போய்விட்டுத் திரும்பினார்.

“சுவர் எங்கம்மா?”

தேவிப்ரியா சொன்னாள். அறிவுச்செல்விக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“போட்டோ இருக்குங்க மேடம்” என்று இளவழகன் செல்போனை நீட்டினான். “நாலு பக்கத்திலிருந்தும் எடுத்தது.”

“நிக்கறதைத்தான் சார் எங்களால காப்பாத்த முடியும். இதே வயசுக் கட்டடம் இந்தத் தெருவிலேயே இன்னும் இருக்கு. அந்தச் சுவருக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.”

“திரும்பக் கட்டிட்டா?”

“அது நீங்க கட்டின சுவராத்தானே இருக்கும்?”

“அதே செங்கலை வச்சுக் கட்டினா, மேடம்?”

அறிவுச்செல்வி அவன் முகத்தையும் கையையும் பார்த்தார். “கிடைச்சாச் சொல்லுங்க. மேல கேட்டுப் பாக்கறேன். நம்பிக்கை குடுக்க மாட்டேன்.” காப்பியை முழுவதும் குடித்துவிட்டுப் போனார்.

வீரனுக்குப் போன் போட்டார்கள். இடிபாட்டை, கடைவீதியில் சரக்கு இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிய ஒரு லாரி அள்ளிக்கொண்டு போனதாம். ராசிபுரம் தாண்டி, நாமக்கல் போகிற வழியில் கருப்பண்ணன் என்பவரின் கோழிப்பண்ணையில் பள்ளம் நிரப்ப. இருவரும் உடனே பைக்கில் கிளம்பினார்கள். வழி நெடுக இளவழகன் பேசிக்கொண்டே வந்தான். எண்ணி அடுக்கிவிடலாம், சுண்ணாம்பிலேயே பூசிவிடலாம், டைல்ஸைப் பேர்த்துவிடலாம். அவள் “ம்” கொட்டினாள். மல்லூர் தாண்டுவதற்குள் அவளும் கொஞ்சம் நம்பத் தொடங்கியிருந்தாள்.

பண்ணை வாசலிலேயே கருப்பண்ணன் எதிர்ப்பட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் புது ஷெட்டைக் காட்டினார். “மண்ணுக்கு மேல ரோலர் ஓட்டி, காங்கிரீட்டும் போட்டாச்சுங்களே. மிச்சம் அந்த ஓரத்துல கொஞ்சம் கெடக்குது. பாருங்க.”

கிடந்தது. இளவழகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினான். சுண்ணாம்புக் காரை ஒட்டிய மெல்லிய பழைய செங்கற்கள்.

“தேவி, இதுதான்! நம்ம செங்கல்தான் இது!”

“அப்படிச் சொல்ல முடியாதுங்க” என்றார் கருப்பண்ணன். “சேலத்துல பழைய ஊடு இடிக்கற பக்கமெல்லாம் நம்ம வண்டிதான் அள்ளுது. செவ்வாய்ப்பேட்டையிலயே இந்த மாசம் நாலு ஊடு. எல்லாம் இதே செங்கல், இதே காரை.”

இளவழகன் கேட்காதவன் போலப் பொறுக்கிக்கொண்டே இருந்தான். ஒரு கல்லில் நீலச் சுண்ணாம்பு இருந்தது. கிளப்பில் நீலம் அடித்ததே இல்லை. இன்னொன்று அடுப்புக் கரி ஏறிக் கறுத்திருந்தது. அதையும் தன் பக்கம் சேர்த்து வைத்தான்.

தேவிப்ரியா அவன் தோளைத் தொட்டாள். “எந்திரிங்க.”

“ஒரு வரிசைக்காவது தேறும்.”

“எது மணியன் இடிச்ச செவுரு, எது யாரோட அடுப்படின்னு நமக்கே தெரியலை. அந்தம்மாகிட்டப் போய்ப் பொய் சொல்ல வேண்டாமுங்க.”

அவன் எழுந்திருக்கவில்லை. “திட்டிரு தேவி. ஒரு வார்த்தை திட்டிரு.”

“திட்டினா வந்துருமா?”

ஷெட்டில் கோழிகள் ஓயாமல் கொக்கரித்தன. அதற்கு நடுவே அவனுடைய போன் அடித்தது. அண்ணன். எடுத்து, “ம், ம்” என்று மட்டும் சொன்னான். போனைக் கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

“ஜவுளிக்காரங்களைப் புதன்கிழமை கூட்டிட்டு வரட்டுமான்னு கேக்கறாரு.”

“வரச் சொல்லுங்க” என்றாள்.

கிளம்பும்போது கருப்பண்ணன் அட்டைத் தட்டு நிறைய முட்டைகளைக் கொண்டுவந்து நீட்டினார். “இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போகக்கூடாதுங்க.” வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்குத் தெம்பில்லை.

பண்ணையிலிருந்து தார்ச்சாலை வரைக்கும் மண்பாதை. ஒவ்வொரு குழியிலும் இளவழகன் வண்டியை நிறுத்தாத குறையாக மெதுவாக இறக்கி ஏற்றினான். அவன் அழுகிறான் என்பது பின்னாலிருந்தே தெரிந்தது. சாய்ந்து அவன் முதுகில் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது தேவிப்ரியாவுக்கு. முடியவில்லை, நடுவில் முட்டைகள் இருந்தன.