காஸ் எடுத்தாச்சு

அப்பாவின் கால்மாட்டில் குந்தியிருந்த அமலன், கிண்ணத்தில் கலக்கிய ஷாம்பூ நுரையை விரலால் தொட்டு ஃப்ரீசர் பெட்டியின் பைப்பில் தடவினான். சுற்றியிருந்த பெண்கள், பிள்ளை தகப்பனுக்குக் கடைசியாக ஏதோ செய்கிறான் என்று ஜெபமாலையைச் சற்று நிறுத்தி அழுதார்கள்.

அப்பா கிடந்த தட்டுக்குள் பைப் நுழையும் இடத்தில் ஒரு குமிழி வந்தது. கடுகளவு. பிறகு பட்டாணியளவு. உடைந்தது. அடுத்தது வந்தது.

பெட்டி சரியாகக் குளிரவில்லை என்று அத்தை சலேத்தம்மா சொன்னதால்தான் அவன் பின்மூடியைக் கழற்றினான். கடலூரில் முப்பது வருடம் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்காக இருந்த தைரியராஜ் குளிராத பெட்டியில் கிடப்பது குடும்பத்துக்கே அவமானம் என்பது அத்தையின் கட்சி. கழற்றிய மூடியின் உள்பக்கம் வெள்ளை பெயிண்டில் மூன்று வரி இருந்தது. 'காஸ் எடுத்தாச்சு.' அதன் கீழே இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதி. அதற்கும் கீழே 'அமலன்'.

கையெழுத்து அழகாக இருந்தது.

அன்று இந்தப் பெட்டி பட்டறைக்கு வந்தபோது அப்பா தெளிவாகத்தான் சொன்னார். "தட்டுக்கடியில பைப் அரிச்சிப் போச்சுடா. எவனோ எரியிற காஸ் வேற அடிச்சி வச்சிருக்கான். சமையல் காஸோட தம்பி இது, ஆனா வாசனையே வராது. மொத்தத்தையும் சிலிண்டர்ல எடுத்துட்டு, பைப்ப வெட்டிட்டு, அப்புறம் இரும்புக் கடைக்குப் போடு."

காஸ் எடுக்க நாற்பது நிமிடம் ஆகும். அன்று கல்லூரியில் கிரிக்கெட் ஃபைனல். பெயிண்டில் எழுத நாற்பது வினாடி போதுமானதாக இருந்தது. இரும்புக் கடைக்காரர் உடைக்காமல் யாருக்கோ தள்ளிவிட்டார். அந்த யாரோ வாடகைக்கு விட்டிருக்கிறார். நேற்று சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அப்பாவை, மாமா அங்கேயே கிடைத்த பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்.

அமலன் நிமிர்ந்து பார்த்தான். தலைமாட்டில் ஆறு மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. நாலு மணிக்கு ஃபாதர் வருவார். தீர்த்தம் தெளிப்பதற்குக் கண்ணாடி மூடியைத் திறப்பார்கள். உள்ளே ராத்திரியிலிருந்து கசிந்து தேங்கியிருப்பது அப்போது வெளியே வரும். அதற்குப் பிறகு கடலூரில் பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு வரும்.

மணி மூன்று பத்து.

அவன் எழுந்து மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கி அணைத்தான்.

"அடப்பாவி!" அத்தை அலறினாள். "செத்தவுங்க தலமாட்டுல வெளிச்சத்த அணைப்பாங்களாடா?"

"அத்த, எந்திரிங்க. எல்லாரும் வெளிய போங்க."

"புள்ளைக்கி மூள கலங்கிப் போச்சு," என்று யாரோ சொன்னார்கள்.

"காத்து பத்தல மாப்ளைக்கி," என்று மாமா ஃபேன் சுவிட்சை நோக்கிக் கை நீட்டினார்.

"மாமா, சுவிட்சத் தொடாதீங்க!"

அப்படியொரு குரல் தனக்கு இருப்பது அமலனுக்கே அதுவரை தெரியாது. மாமாவின் விரல் சுவிட்சுக்கு அரை அங்குலத்தில் நின்றது. ஜெபமாலை நின்றது. பெட்டியின் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"காஸ் லீக்காவுது. ஒரு பொறி பட்டா போதும்."

"உனக்கு எப்புடித் தெரியும்?" அம்மா ஆரோக்கிய ராணி கேட்டாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

பெட்டிக்காரனைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். எல்லோரும் சேர்ந்து திட்டுவார்கள். அமலன் பின்மூடியைத் திருப்பி அவள் மடியில் வைத்தான்.

"எடுக்கலம்மா. எடுத்துட்டேன்னு எழுதிட்டேன்."

அம்மா மூன்று வரியையும் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அப்பாவுக்குத் தெரியும்," என்றாள். "அடுத்த ஞாயித்துக்கெழம சிலிண்டர எடை போட்டாரு. ஏறவே இல்லன்னாரு. அன்னையிலேர்ந்து இதத்தான் தேடிக்கிட்டு இருந்தாரு. அண்ணாகிராமம் போனாரு, மங்கலம்பேட்ட போனாரு. நேத்து சிதம்பரம்."

"எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலியே."

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தாரு."

அவள் மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து, பெட்டியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தாள்.

"கரண்ட வெளிய போயி நிறுத்துடா. மத்தவுங்க தூக்குங்க."

அமலன் வெளிச்சுவரிலிருந்த மெயினை இறக்கினான். உறுமல் நின்றது. ஷாமியானாவுக்குக் கீழே மூன்று பேர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். பேண்டு செட்டுக்காரர் வெடிச் சரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். துக்க வீடு என்பது தீப்பெட்டி உள்ள எல்லோரும் கூடும் இடம் என்பது அவனுக்கு அன்றுதான் உறைத்தது. பீடிகளையெல்லாம் சாக்கடையில் போடவைத்து, அவர்களைத் தெருக்கோடிக்கு விரட்டினான்.

எட்டுப் பேர் பெட்டியைத் தூக்கி வந்து, ஷாமியானாவைத் தாண்டி நடுத்தெருவில் வைத்தார்கள். அமலன் கண்ணாடி மூடியைத் திறந்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. புகை இல்லை, வாசனை இல்லை. கடற்காற்று அப்பாவின் தலைமுடியை லேசாகக் கலைத்தது. இவ்வளவுதானா என்பதுபோல் அத்தை பார்த்தாள்.

துறைமுகத்திலிருந்து மாமா இரண்டு பார் ஐஸ் கொண்டுவந்தார். அப்பாவை பெஞ்சுக்கு மாற்றி, சுற்றிலும் ஐஸை உடைத்துப் போட்டார்கள். அதில் ஒரு கட்டியை எடுத்து அமலன் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு, பட்டறையிலிருந்து கொண்டுவந்த காலி சிலிண்டரை அதற்குள் நிறுத்தி, தொட்டியோடு தராசில் வைத்தான். உள்ளே காற்றுகூட இல்லாமல் உறிஞ்சி, இந்த வேலைக்கென்றே அப்பா தனியாக வைத்திருந்த சிலிண்டர். பெட்டியின் பைப்பில் வால்வை மாட்டி ஹோஸை இணைத்துத் திறந்தான். மிச்சமிருந்த காஸ் குளிர்ந்த சிலிண்டருக்குள் போக ஆரம்பித்தது. தராசின் எண் ஒவ்வொரு கிராமாக ஏறியது.

நாலு மணிக்கு ஃபாதர் வந்தார். தீர்த்தச் செம்போடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னும் எவ்ளோ நேரம்டா?" அத்தை அணைந்த மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியுமாக நின்றாள்.

"நாப்பது நிமிசம், அத்த."

அவன் எழுந்திருக்கவில்லை. போன் இரண்டு முறை அடித்தது; எடுக்கவில்லை. தராசின் எண் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வால்வை மூடி, சிலிண்டரைத் தள்ளிக் கொண்டுபோய் வைத்தான். பைப்பை இரண்டு இடத்தில் வெட்டினான்.

அம்மா மூடியை நீட்டினாள். மற்றொரு கையில் பெயிண்ட் டப்பா இருந்தது. எப்போது பட்டறைக்குப் போய் எடுத்து வந்தாள் என்று தெரியவில்லை.

தேதியை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் இன்றைய தேதியை எழுதினான்.

பெயிண்ட் காயும்வரை அம்மா அதை வெயில் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.