இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை

தான்சானியாவுக்குப் போர்வெல் போடும் ரிக் வண்டி வேலைக்குப் போயே தீருவதென்று குணசீலன் ஒற்றைக் காலில் நின்றான். பன்னிரண்டு வருசம் திருச்செங்கோட்டு ரிக் லாரியில் புழுதி தின்றவனுக்குச் சொந்த வண்டி ஆசை தலைக்கேறிவிட்டது. பாஸ்போர்ட், விசா, மஞ்சள் காய்ச்சல் ஊசி எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தான். பெண்டாட்டி பிரவீனாவிடம் உட்கார்ந்து, "நான் போனா நீ என்ன பண்ணுவே, உன்ற உடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்க மட்டும் மகராசனுக்கு நேரமில்லை.

பிரவீனா போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஆத்தாகிட்டப் பூக் கேட்டுரலாமுங்க. வெள்ளை வந்தாப் போங்க. செவப்பு வந்தா உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றாள்.

ஊர் மாரியம்மன் கோயிலில் அது வழக்கம்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. அம்மன் முன்னால் போட்டு, குழந்தையை ஒன்று எடுக்கச் சொல்வார்கள். பொட்டலம் மடிக்கும் வேலையைக் குணசீலனே கேட்டு வாங்கிக்கொண்டான். அந்தப் புத்தி எங்கிருந்துதான் வந்ததோ, இரண்டிலும் வெள்ளையையே வைத்து மடித்துவிட்டான், பாவி! நாலு வயது மகள் நிலா ஒன்றை எடுத்தாள். பிரித்ததும் பிரவீனா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்றதை அவன் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான்.

வரும் வழியில், "என்னமோ சொல்லோணும்னியே?" என்று பேச்சுக்குக் கேட்டான்.

"இனி எதுக்குங்க? ஆத்தாவே சொல்லிட்டா."

அவன் தான்சானியா போன பதினான்காம் மாதம் மாமியார் கந்தம்மாள் போன் செய்தாள். "வெரசா வாங்க மாப்பிள்ளை. புள்ள கட்டிலோட கெடக்கறா."

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மார்பில் கட்டி, இப்போது நுரையீரல், எலும்பு வரைக்கும் போய்விட்டது. முதலிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான்.

பாதி உடம்பாகக் கிடந்தவள் பக்கத்தில் போய்க் குணசீலன் உட்கார்ந்தான். "ஏன்டி சொல்லலே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போயிருப்பனா?" என்று வாய்விட்டு அழுதான்.

"அதைத்தானுங்க சொல்லலாம்னு இருந்தேன். அப்பச் சின்னக் கட்டி. நான் சொன்னா நின்னுருவீங்க, அப்புறம் காலத்துக்கும் என்னாலதான் கெட்டுதும்பீங்க. அதான் ஆத்தாகிட்டயே உட்டுட்டேன். வெள்ளை வந்துது. ஒண்ணும் ஆகாதுன்னு தைரியமா இருந்துட்டேன்." பேசுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஆத்தா பொய் சொல்ல மாட்டாளுங்க. பொழச்சுக்குவேன். இல்லீங்களா?"

அவனுக்கு உண்மை தொண்டை வரை வந்தது. சொன்னால் இவளுக்கு அந்த ஆத்தாவும் இல்லை. முழுங்கிக்கொண்டான்.

கட்டில் ஓரத்தில் நின்ற நிலா அம்மாவின் கையைப் பிடித்தாள். "வெள்ளைப் பூ நான்தானம்மா எடுத்தேன்!"

"ஆமாஞ் சாமி, என்ற தங்கம்."

அது போதவில்லை குழந்தைக்கு. அவன் பக்கம் திரும்பி, "நான்தானேப்பா எடுத்தேன்?" என்று கேட்டாள்.

"ஆமாஞ் சாமி, நீதான்" என்றான் குணசீலன்.