சுல்மீரா வைத்த கிரீடம்

அனிசியோவைப் புதைத்துப் பதினோரு நாள்கூட ஆகவில்லை. அவர் மகன் எவெரால்டோ அப்பாவின் பட்டு மேலங்கியை மாட்டிக்கொண்டு ஜெபமாலை மாதா சபைக் கூடத்துக்குள் நுழைந்தான். பார்த்ததும் சுல்மீரா கிரீடப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கறுப்பு ஜனங்களின் அந்தச் சபைக்கு முப்பது வருஷம் ராஜா அனிசியோதான். திருவிழா அன்று தலையில் கிரீடம், மற்ற நாளெல்லாம் சுண்ணாம்புச் சூளையில் கூலிவேலை. மகன் பெலோ ஒரிசோன்தே நகரத்தில் கார் விற்றுக்கொண்டிருந்தான். அப்பா படுத்த படுக்கையாய்க் கிடந்த நாலு மாசத்தில் இரண்டே தடவை வந்தான். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலையை முடித்துவிட்டு ஓடிவந்து கஞ்சி ஊட்டியவள் சுல்மீரா. கிரீடமும் அவள் பொறுப்பில்தான் இருந்தது.

"கிரீடத்தை எடுங்கக்கா. தாத்தா, அப்பா, இப்ப நான். எங்க ரத்தத்துல வர்றது."

"ராஜாவை ஓட்டுப் போட்டுத்தான் எடுக்கணும். உங்க ரத்தத்துல சர்க்கரை வியாதிதான்டா வருது."

கூடம் சிரித்தது. மேளக்காரர்களுக்குத் தலைவரான தொர்வலீனோ மட்டும் சிரிக்கவில்லை.

"ஓட்டுப் போட்டு எடுத்தா அவன் ராஜாவா, கவுன்சிலரா? வீடு வீடாப் போய்ப் பல்லை இளிப்பான். ராஜாவாப் பொறந்தவனுக்கு எவன் தயவும் வேணாம்."

"எவன் தயவும் வேணாம்னு இருக்கிறவன் எவனுக்கும் பயப்பட மாட்டான் அண்ணே. நம்ம பாட்டன்மாரைச் சந்தையில வித்தானே, அவனும் இதையேதான் சொன்னான். எஜமான் மகன் எஜமான், அடிமை மகன் அடிமை. அந்தச் சட்டத்தை இந்தக் கூடத்துக்குள்ள கொண்டுவர்றீங்களே, நாக்கு கூசல?"

அது தொண்ணூற்று மூன்று, ஏப்ரல் மாசம். நாட்டுக்கு ராஜா வேண்டுமா, ஜனாதிபதி போதுமா என்று பிரேசில் முழுக்க ஓட்டெடுப்பு நடக்கவிருந்தது. "டிவி பாத்துட்டு சமையக்காரி தத்துவம் பேச வந்துட்டா" என்றான் எவெரால்டோ. ஆனால் அவள் பேச்சுக்குக் கூடம் தலையாட்டுவதைக் கவனித்தான். குரல் இறங்கியது.

"சரி, ஓட்டே போடுவோம். ஜெயிச்சா உங்க கையாலதான் எனக்குக் கிரீடம் வைக்கணும்."

"வைக்கிறேன்."

அவனை எதிர்த்துப் போட்டிக்கு நின்றவர் கொத்தனார் லவுரிந்தோ. திக்குவாய். அனிசியோவின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். அவருக்கு ஓட்டுப் போட ஒரு கறுப்பு பீன்ஸ், எவெரால்டோவுக்கு ஒரு சோளமணி. பானையில் போட வேண்டும், அவ்வளவுதான். அந்த வாரம் எவெரால்டோ மாடு வெட்டி விருந்து வைத்தான், திருவிழா ஊர்வலத்துக்கு எல்லாருக்கும் புதுச் சீருடை தருவதாகச் சொன்னான். லவுரிந்தோ யார் வீட்டுக்கும் போகவில்லை.

பானையைக் கவிழ்த்தபோது பாயெல்லாம் மஞ்சளாகக் கொட்டியது. சுல்மீரா இரண்டு தடவை எண்ணினாள். பிறகு கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அக்டோபர் திருவிழாவில், கோயில் வாசலில், அவளே கிரீடத்தை எடுத்து அவன் தலையில் வைத்தாள். குனிந்தவன் கிசுகிசுத்தான்: "ஜனங்களே சொல்லிட்டாங்களே. இப்ப என்ன சொல்றீங்க?"

"தப்பாச் சொல்லிட்டாங்கன்னு சொல்றேன். ஆனா உன்னை ராஜாவாக்கினது அவங்க. உங்கப்பன் இல்ல."

பிறகு திரும்பி, எல்லாருக்கும் கேட்கக் கத்தினாள்: "அடுத்த வருஷமும் ஓட்டு உண்டு!"

"ராஜான்னா சாகுற வரைக்கும்டி!" என்று தொர்வலீனோ மேளத்தை ஓங்கி அடித்தார். பாதிப் பேர் அவளைத் திட்டினார்கள். மீதிப் பேர் கைதட்டினார்கள், சீருடை இன்னும் வந்து சேராத கோபத்தில். ஊர்வலம் கிளம்பவே ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில், தகராறு ஓயட்டும் என்று பாதிரியாரே வருஷா வருஷம் ஓட்டு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

மறு வருஷம், ஓட்டுக்கு ஒரு வாரம் முன்னால், எவெரால்டோ சுல்மீரா வீட்டு வாசலில் வந்து நின்றான். அவள் உள்ளே கூப்பிடவில்லை. காபி கொடுக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கி முடிக்கும்வரை நிமிரவும் இல்லை. வெயில் அவன் கழுத்தில் வழிந்தது.

"எனக்கு ஓட்டுப் போடுவீங்களாக்கா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் நிக்க வச்சீங்க?"

"நிக்கிறியான்னு பாக்கத்தான்."